பிள்ளையின் நோயும் பெற்றோரின் அறியாமையும்

(ஏற்காட்டில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரையின் எழுத்து வடிவம்)

 

   

மிம்பரில் நின்று சொந்த வீட்டுச் சங்கதிகளைப் பேசுவது என் வழக்கமன்று. இன்று அவ்வழக்கத்தை மீறுகிறேன். என் மகளுக்கு இப்போது பதினொரு வயது. அவளிடம், "உன் நோயைப் பற்றி ஜும்ஆவில் பேசலாமா?" என்று கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, "நீங்கள் செய்த தவறையும் சேர்த்துச் சொல்வதாக இருந்தால் பேசுங்கள் அத்தா" என்றாள். அந்த நிபந்தனையை ஏற்றுக்கொண்டுதான் இங்கே நிற்கிறேன்.

ஏறத்தாழ ஐயாயிரம் அடி உயரத்திலுள்ள நம் ஏற்காட்டின் மார்கழிக் குளிரை நான் உங்களுக்கு விவரிக்க வேண்டியதில்லை. சுப்ஹு நேரத்தில் ஏரியின் மீது பனி இறங்கியிருக்கும். காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் காலம். அவளுக்கு நான்கு வயது முடிந்திருந்த அந்தக் குளிர்காலத்தில், காலையில் படுக்கையை விட்டு எழ மறுக்கத் தொடங்கினாள். எழுந்தாலும் ஒரு காலை ஊன்றாமல் நடந்தாள். வாசற்படியில் நின்று இறங்காமல், உட்கார்ந்தவாறே ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கினாள். "வலிக்கிறதா?" என்று கேட்டால் "இல்லை" என்பாள். பத்து மணியானால் மற்றப் பிள்ளைகளோடு ஓடுவாள். நான் என்ன முடிவுக்கு வந்திருப்பேன் என்று எண்ணுகிறீர்கள்? மதரஸாவுக்குப் போகாமலிருக்கக் காட்டும் சாக்கு என்று முடிவு செய்தேன். கடிந்துகொண்டேன். ஒருநாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனேன். அன்று அவள் அழுத அழுகையை அல்லாஹ் மன்னிப்பானாக.

அவள் தாய்தான் கண்டுபிடித்தாள். குளிப்பாட்டும்போது இரண்டு முழங்கால்களையும் தொட்டுப் பார்த்து, ஒன்று மற்றதைவிடப் பருத்திருக்கிறது, சூடாகவும் இருக்கிறது என்றாள். நான் அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தாயின் கையறிவை மதிக்கத் தவறும் தந்தையர் நம்மில் பலர். அவர்களில் நானும் ஒருவனாக இருந்தேன்.

சகோதரர்களே! காலையில் மூட்டு இறுகியிருப்பதும், உடல் இயங்க இயங்க அந்த இறுக்கம் தளர்வதும் மூட்டழற்சியின் தலையாய அடையாளம். இரவு முழுவதும் அசையாதிருந்த மூட்டுக்குள் வீக்க நீர் தேங்கியிருக்கும். எனவே காலையில் நொண்டுகிற பிள்ளை நண்பகலில் ஓடுகிறது. இதைக் காணும் பெரியவர்கள், பிள்ளை நடிக்கிறது என்கிறார்கள். சிறு குழந்தைகள் பெரும்பாலும் வலி என்று சொல்வதும் இல்லை. வலிக்கும் காரியத்தைச் செய்யாமல் விட்டுவிடுகிறார்கள். படியேறுவதை விடுவார்கள். சம்மணமிட்டு உட்காருவதை விடுவார்கள். தூக்கச் சொல்லி அழுவார்கள். நாம் அதற்குச் செல்லம், சோம்பல் என்று பெயர் சூட்டுகிறோம்.

வாதம் முதியோருக்கு வருவது என்றே நாம் எண்ணியிருக்கிறோம். 1897ஆம் ஆண்டிலேயே இலண்டன் மாநகரின் குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டில் என்னும் மருத்துவர், குழந்தைகளுக்கு வரும் நாட்பட்ட மூட்டு நோய் பெரியவர்களுக்கு வருவதினின்றும் வேறுபட்டது என்று எழுதி வெளியிட்டார். பதினாறு வயதுக்கு முன் தொடங்கி, ஆறு வாரங்களுக்குக் குறையாமல் நீடித்து, வேறு காரணம் எதுவும் புலப்படாத மூட்டழற்சியை இன்று மருத்துவர்கள் இளம்பருவ மூட்டழற்சி என்று அழைக்கிறார்கள். மேலை நாடுகளின் கணக்குப்படி ஏறத்தாழ ஆயிரம் குழந்தைகளுக்கு ஒருவருக்கு இது உண்டு. உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல், சொந்த மூட்டின் உட்சவ்வையே பகையென எண்ணித் தாக்குவதால் விளைவது இது. எவர் கண்ணும் பட்டு வருவதன்று. தாய் கர்ப்பத்தில் உண்ட உணவால் வருவதன்று. நம் மலையின் குளிரால் வருவதும் அன்று. குளிரில் இறுக்கம் சற்றுக் கூடுதலாகத் தோன்றலாம். ஆனால் பாலைவனத்திலும் இந்நோய் இருக்கிறது. "சேலத்துக்குக் குடிபெயர்ந்துவிடு, சரியாகிவிடும்" என்று உறவினர் ஒருவர் எங்களை ஓராண்டு காலம் வற்புறுத்தி வந்தார். அவருடைய அன்பை மதிக்கிறேன். ஆனால் சேலத்திலும் இந்நோயுள்ள பிள்ளைகள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

எங்கள் அலைச்சலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதலில் சுளுக்கு என்று எண்ணி எண்ணெய் தேய்த்து உருவினோம். அழற்சி உற்ற மூட்டை அழுத்தி உருவலாகாது என்பது அப்போது தெரியாது. பிறகு ஓர் எக்ஸ்ரே எடுத்தோம், எலும்பில் குறையில்லை என்றார்கள். தொடக்கக் கட்டத்தில் எக்ஸ்ரே பெரும்பாலும் சரியாகவே இருக்கும். அதைக் கண்டு நாங்கள் நிம்மதியுற்றதே எங்கள் பிழை. பின்னர் ஓர் இரத்தப் பரிசோதனையில் ஏதோ ஓர் எண் உயர்ந்திருக்கிறது என்று, இருபத்தோரு நாளுக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடச் சொன்னார்கள். ஆறு மாதம் போட்டோம். அந்த ஊசி ருமாட்டிக் காய்ச்சல் என்னும் வேறொரு நோய்க்கு உரியது. அந்நோயில் தொண்டைப் புண்ணுக்குச் சில வாரங்களுக்குப் பின், ஒரு மூட்டிலிருந்து இன்னொரு மூட்டுக்கு வலி தாவிச் செல்லும், இதயமும் பாதிக்கப்படக்கூடும். அங்கே அந்த ஊசி உயிர் காப்பது, அதை நிறுத்தலாகாது. ஒரே முழங்காலில் மாதக்கணக்கில் வீங்கி நிற்பது அதன் இயல்பன்று. அந்த எண்ணோ, முன்பு எப்போதோ தொண்டையில் கிருமி தொற்றியது என்பதை மட்டுமே காட்டும். நம் நாட்டில் பல பிள்ளைகள் இக்குழப்பத்தில் காலம் இழந்திருக்கிறார்கள்.

ஒரு முதிய மருத்துவர்தான் எங்களை உரிய இடத்துக்கு அனுப்பினார். மூட்டு வாத நோய்களுக்கென்று ருமாட்டாலஜி என்னும் தனித் துறை இருப்பதையே அன்றுதான் அறிந்தேன். சென்னை மருத்துவக் கல்லூரியில் அத்துறை நெடுங்காலமாக இயங்கி வருகிறது. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியிலும் இத்துறை உண்டு. இந்த மலையில் வாழும் நமக்கு இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து சேலத்துக்கு இறங்குவதே ஒரு பயணம். அதற்கும் அப்பால் செல்ல ஒருநாள் கூலியை இழக்க வேண்டும். இதை நான் அறியாதவனல்லன். ஆயினும் ஆறு வாரத்துக்கு மேல் வீங்கியிருக்கும் மூட்டுக்கு, அந்த ஒருநாளைச் செலவிடத் தயங்காதீர்கள் என்று தோட்டத் தொழிலாளர் குடும்பங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. காய்ச்சலோடு ஒரு மூட்டு திடீரெனச் சிவந்து, பிள்ளை அதை அசைக்கவே விடாவிட்டால் ஆறு வாரம் பார்த்திருக்கலாகாது, அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். கிருமி புகுந்த மூட்டு சில நாட்களில் அழிந்துபோகும். இரவில் எலும்பு வலியால் விழித்து அழுவதும், உடல் மெலிந்து வெளிறுவதும் இரத்தப் புற்றுநோயின் அடையாளமாகவும் இருக்கக்கூடும். மூட்டில் காசநோய் வருவதும் நம் நாட்டில் அரிதன்று. இவற்றையெல்லாம் விலக்கிய பின்னரே மருத்துவர் மூட்டழற்சி என்று பெயரிடுவார்.

அங்கே மருத்துவர் மகளின் முழங்காலைப் பார்த்து முடித்ததும் முதலில் கேட்ட கேள்வி எங்களைத் திகைக்க வைத்தது. "கண்ணைக் காட்டினீர்களா?" என்றார். முழங்கால் வீங்கியதற்கும் கண்ணுக்கும் என்ன தொடர்பு என்று மனத்துக்குள் சலித்துக்கொண்டேன். தொடர்பு இருந்தது. இந்நோய் உள்ள குழந்தைகளுள் சிலருக்கு, அதிலும் சிறு வயதில் ஓரிரு மூட்டுகளில் மட்டும் நோய் தொடங்கிய பெண் குழந்தைகளுக்கு, கண்ணின் உள்ளே அழற்சி உண்டாகும். கண் சிவக்காது. வலிக்காது. நீர் வடியாது. பார்த்தால் அழகிய தெளிந்த கண்ணாகவே இருக்கும். உள்ளே கருவிழித் திரை ஒட்டிக்கொண்டிருக்கும். கண்புரையும் கண் அழுத்தமும் பின்தொடரும். பிள்ளை கரும்பலகையைப் பார்க்கத் தடுமாறும்போதுதான் பெற்றோர் விழிப்பார்கள். அதற்குள் காலம் கடந்திருக்கலாம். கண் மருத்துவர் ஒளிக்கீற்று விளக்கின் முன் அமர்த்திப் பார்த்தால் மட்டுமே இதைக் காண முடியும். ஆகவே இத்தகைய பிள்ளைகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதத்துக்கு ஒருமுறை, கண் நன்றாக இருக்கும்போதே கண் பரிசோதனை செய்ய வேண்டும். முழங்கால் குணமாகிவிட்டாலும் செய்ய வேண்டும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே வகையாக இந்நோய் வருவதில்லை. நம் நாட்டு மருத்துவமனைகளில் மிகுதியாகக் காணப்படும் ஒரு வகை, சற்று வளர்ந்த ஆண் பிள்ளைகளுக்குக் குதிகாலிலும் முழங்காலிலும் கீழ் முதுகிலும் வருவது. பந்து விளையாடி அடிபட்டது என்று அதைத் தள்ளிவிடுகிறோம். அவர்களுக்குக் கண் பாதித்தால் சிவந்து வலிக்கும், அதனால் தெரிந்துவிடும். வேறொரு வகையில் வாரக்கணக்கில் நாள்தோறும் காய்ச்சல் ஏறி இறங்கும். காய்ச்சல் ஏறும்போது உடலில் இளஞ்சிவப்புத் தடிப்புகள் தோன்றி மறையும், மூட்டு வலி பிறகே வரலாம். இவ்வகைப் பிள்ளைக்குக் காய்ச்சல் இறங்காமலே நின்று, சோர்ந்து, இரத்தக் கசிவும் தோன்றினால் அது உயிருக்கே ஆபத்தான நிலை. இரவானாலும் புறப்பட வேண்டும்.

இனி மருந்துக்கு வருகிறேன். என் தவறும் இங்கேதான் இருக்கிறது.

முழங்காலுக்குள் ஓர் ஊசி போட்டார்கள். பிறகு மெத்தோட்ரெக்சேட் என்னும் மாத்திரையைத் தந்தார்கள். வாரத்துக்கு ஒரே நாள். இதை அழுத்திச் சொல்கிறேன் சகோதரர்களே, நாள்தோறும் அன்று, வாரத்துக்கு ஒரே நாள்! தவறுதலாக நாள்தோறும் விழுங்கி உயிரிழந்தவர்கள் உலகெங்கும் உண்டு. நாங்கள் வெள்ளிக்கிழமை இரவைத் தேர்ந்தெடுத்தோம். ஜும்ஆவை மறந்தால் அல்லவா மாத்திரையை மறப்போம்! மறுநாள் பள்ளி விடுமுறையானதால், குமட்டலும் சோர்வும் படிப்பைப் பாதிக்கவில்லை. வேறொரு நாளில் போலிக் அமிலம் கொடுப்போம். குறித்த காலத்தில் இரத்தத்தையும் கல்லீரலையும் பரிசோதிப்போம். முதன்முறை அறியாமல் மாத்திரை கொடுத்த மறுநாள் காலையிலேயே பேருந்தில் இறக்கிச் சென்றோம். இருபது வளைவுகளில் எத்தனை வளைவில் பிள்ளை வாந்தியெடுத்தாள் என்று கேட்காதீர்கள்.

எட்டு மாதத்தில் ஓடினாள். படிகளில் தாவினாள். ஏழாவது வயதில் ஒரு முழு ஆண்டு வீக்கமே இல்லை. அப்போது ஒருவர் என்னிடம், "இது புற்றுநோய்க்குக் கொடுக்கும் மாத்திரையாயிற்றே, ஒரு பச்சிளம் பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா?" என்று கேட்டார். இன்னொருவர், "பெண் பிள்ளை, நாளை ஓர் இடத்தில் வாழப் போகிறவள், மருந்துச் சீட்டுகள் வீட்டில் இருப்பது நல்லதல்ல" என்றார். அந்த மருந்து புற்றுநோய்க்குப் பயன்படுவது உண்மைதான். ஆனால் அங்கே கொடுக்கப்படும் அளவு இதைவிடப் பன்மடங்கு மிகுதி. இதை நான் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் விளங்கியிருக்கும். கேட்கவில்லை. குணமாகிவிட்டதே என்று நானாகவே நிறுத்தினேன். கண் பரிசோதனைக்கும் இரண்டு தவணை போகவில்லை. மழைக்காலம், வேலை, செலவு என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒருவர் ஒரு பொடியையும் கொடுத்தார். பெயரற்ற இத்தகைய பொடிகளில் ஸ்டீராய்டு மருந்து கலந்திருப்பதை மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். அல்லாஹ்வின் அருளால் அவள் தாய் அதைப் பிள்ளையின் வாயருகே கொண்டு செல்லவிடவில்லை.

ஐந்து மாதம் கழித்துக் கண் மருத்துவரிடம் சென்றபோது முழங்கால் நன்றாகவே இருந்தது. வலக்கண்ணில் அழற்சி திரும்பியிருந்தது. கருவிழித் திரை இரண்டு இடங்களில் ஒட்டியிருந்தது. மருத்துவர் என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "எப்போது நிறுத்தினீர்கள்?" என்று மட்டும் கேட்டார். என் மகள் என் முகத்தைப் பார்த்தாள். மாத்திரை நின்றதை அவள் விடுதலை என்றே எண்ணியிருந்தாள். அத்தா கொடுத்த விடுதலை. அன்று மலையேறிய பேருந்தில் அவள் என் தோளில் சாய்ந்து உறங்கினாள். நான் சன்னலுக்கு வெளியே ஒன்றையும் காணவில்லை.

அந்த இரவில் எனக்கு ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. நான் பலமுறை பயானில் சொன்னதுதான். நபித்தோழர்கள் ஒரு பயணத்தில் இருந்தபோது அவர்களில் ஒருவருக்குத் தலையில் காயம் ஏற்பட்டது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ளலாமா என்று உடனிருந்தோரிடம் கேட்டார். தண்ணீர் இருக்கும்போது உமக்கு அனுமதியில்லை என்று அவர்கள் கூறிவிட்டனர். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தியறிந்த அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடும் கோபம் கொண்டு, தெரியாதபோது கேட்டறிந்திருக்கக் கூடாதா, அறியாமைக்குக் கேட்பதல்லவா மருந்து என்ற கருத்தில் கண்டித்தார்கள். அபூதாவூத் நூலில் இச்செய்தி இடம்பெற்றுள்ளது. தொழுகைக்காகக் குளிப்பது குறித்து அறியாமல் சொன்னதற்கே அத்தனைக் கோபம்! ஒரு பிள்ளையின் கண்ணைக் குறித்து அறியாமல் சொன்னவர்களும், அறியாமல் செவிமடுத்த நானும் எங்கே நிற்கிறோம்? மருந்து செய்துகொள்ளலாமா என்று நாட்டுப்புறத்தார் கேட்டபோதும், முதுமையைத் தவிர எல்லா நோய்க்கும் இறைவன் நிவாரணம் வைத்திருக்கிறான் என்று கூறி, மருத்துவம் செய்யும்படி ஏவிய நபியின் உம்மத்தினர் நாம். துஆவும் மாத்திரையும் ஒன்றுக்கொன்று போட்டியல்ல. வெள்ளி இரவில் மாத்திரையைக் கொடுத்துவிட்டு நான் துஆச் செய்கிறேன். ஒன்றைச் செய்து மற்றதை விட்டுவிட எவர் சொன்னார்?

எங்களுக்குச் சொட்டு மருந்து கொடுத்தார்கள், மெத்தோட்ரெக்சேட்டை மீண்டும் தொடங்கினார்கள். அதற்கும் கட்டுப்படாததால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அடாலிமுமாப் என்னும் ஊசியைச் சேர்த்தார்கள். மெத்தோட்ரெக்சேட்டோடு இதைச் சேர்த்துக் கொடுத்தால் இப்பிள்ளைகளின் கண்ணழற்சி அடங்குகிறது என்று பிரிட்டன் மருத்துவர்கள் 2017இல் ஆய்வொன்றை வெளியிட்டனர். விலை மிகுந்த மருந்து. இதற்கு நிகரான மருந்துகள் நம் நாட்டிலேயே தயாராவதால் 2014க்குப் பின் விலை குறைந்தது, ஆயினும் ஏழைக்கு இன்னும் எட்டாத விலையே. காப்பீட்டு அட்டை உள்ளவர்கள், தங்கள் பிள்ளையின் சிகிச்சை அதில் அடங்குமா என்று மருத்துவமனையிலுள்ள காப்பீட்டு அலுவலரிடமே கேட்டறியுங்கள். இந்த ஊசிக்கு முன் காசநோய் உண்டா என்று பார்ப்பது கட்டாயம், உறங்கிக் கிடக்கும் காசநோயை இது எழுப்பிவிடக்கூடும். அம்மை போட்ட வீட்டுக்குப் பிள்ளை போய் வந்திருந்தாலும், தடுப்பூசி போடும் நாள் வந்தாலும் முதலில் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

அவளுடைய வலக்கண்ணின் பார்வை பெரும்பாலும் காக்கப்பட்டது. பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். அல்ஹம்துலில்லாஹ்.

ஓர் மனிதரைப் பற்றி அந்நாட்களில் கண் மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் அறிந்தேன். நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் நல்லோர் வரலாற்றை அறிவதற்கு அது தடையன்று. டாக்டர் கோ. வெங்கடசாமி. 1918இல் தென் தமிழகத்தின் வடமலாபுரம் என்னும் சிற்றூரில் பிறந்தவர். பிரசவ மருத்துவராக விரும்பியவரை முப்பதாவது வயதில் கடும் முடக்குவாதம் படுக்கையில் தள்ளியது. விரல்கள் நிரந்தரமாகக் கோணிப்போயின. அந்த விரல்களாலேயே கத்தியைப் பிடிக்கப் பழகிக் கண் மருத்துவரானார். தம் வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளைச் செய்தார். ஓய்வு பெற்றபின் 1976இல் மதுரையில் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 2006இல் மறைந்தார். இதை என் மகளிடம் சொன்னபோது அவள் கேட்டது ஒன்றே: "காலையில் அவருக்கும் விரல் மடங்காதா அத்தா?" மடங்கியிருக்காது. அவர் காலத்தில் இன்றுள்ள மருந்துகள் இருக்கவில்லை. இன்று உரிய நேரத்தில் தொடங்கினால் பெரும்பாலான பிள்ளைகளின் விரல் கோணுவதில்லை.

வீட்டில் நாங்கள் கற்றுக்கொண்ட சிலவற்றைச் சொல்கிறேன். காலையில் எழுந்ததும் அவளை நிற்க வைப்பதில்லை. போர்வைக்குள்ளேயே கால்களை மெல்ல நீட்டி மடக்கச் செய்து, வெந்நீரில் குளிப்பாட்டுவோம். இதற்காக நாங்கள் அரைமணி நேரம் முன்னதாக எழுகிறோம், அவ்வளவுதான். முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கிப் படுக்கவிடுவதில்லை. சுகமாகத் தோன்றும், ஆனால் மூட்டு அப்படியே மடங்கி நின்றுவிடும். வீக்கம் அடங்கிய நாட்களில் ஓடவும் நீந்தவும் தடை சொல்வதில்லை. அசையாமல் பாதுகாத்தால் தசை மெலியும். கத்தரிக்காயும் உருளைக்கிழங்கும் வாதம் என்று ஒதுக்கி வைத்த காலமும் உண்டு. பாவம், பிள்ளை இழந்தது பிடித்த குழம்பைத்தான். வளரும் எலும்புக்குப் பாலும் முட்டையும் கேழ்வரகும் கொடுக்கச் சொன்னார்கள், கொடுக்கிறோம்.

மதரஸாவில் தரையில் மடித்து அமர இயலாத நாட்களில் அவளுக்கு நாற்காலி கொடுக்கும்படி உஸ்தாதிடம் சொன்னேன். என் சொந்த மதரஸாவில் அதை முன்பே நினைக்காதவன் நான். நாற்காலியில் அமர்ந்து அவள் தொழுததைப் பார்த்து, "இந்த வயதிலா?" என்று ஒரு மூதாட்டி கேட்டுவிட்டார். நோயுற்றிருந்த இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழ இயலாவிடில் அமர்ந்தும், அதற்கும் இயலாவிடில் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் அனுமதி அளித்தார்கள். வயது அங்கே கேட்கப்படவில்லை. மணிக்கட்டு வீங்கிய குளிர்நாளில் ஒளுவுக்கு வெந்நீர் கொடுங்கள். நோன்பு வைக்க ஆசைப்படும் பிள்ளையாயின் மருத்துவரிடம் கேட்டுவிட்டு விடுங்கள். பள்ளிக்கூடத்தில் மாடி வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றித் தரும்படி கேட்பதில் கௌரவக் குறைவு ஒன்றுமில்லை.

இன்னொரு பிள்ளை வீட்டில் இருந்தால் அவனையும் கவனியுங்கள். என் மகன் ஒருநாள் தன் முழங்காலில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்து நின்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. அவன் தாய் சிரிக்கவில்லை.

பெண்ணின் நோயை மறைக்கச் சொல்லும் உறவினர்களுக்கு ஒரு வார்த்தை. மறைத்தால் மருந்து தவறும், தவணை தவறும், கண் போகும். மறைக்கப்பட்ட நோயோடு செல்லும் மணமகள் அங்கே மருந்தையும் மறைக்கத்தான் வேண்டியிருக்கும். மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும் மருந்து. திருமணத்துக்குப் பின் மருத்துவர் சொற்படி முன்கூட்டியே அதை நிறுத்தி, வேறு மருந்துக்கு மாறிய பிறகே கருத்தரிக்க வேண்டும். இதை மறைத்து ஒரு குடும்பத்தை எப்படித் தொடங்குவது? மறைத்துச் செய்யும் சம்பந்தம் எனக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். அவளும் இன்று இந்த உரைக்கு அனுமதி தந்ததன் மூலம் தன் முடிவைச் சொல்லிவிட்டாள்.

யஅகூப் (அலை) அவர்கள் மகனைப் பிரிந்த துயரத்தால் கண்கள் வெளுத்துப்போன தந்தை. அத்துயரத்துக்காக இறைவன் அவர்களைக் கண்டிக்கவில்லை. அழுதார்கள், தம் முறையீட்டை அல்லாஹ்விடமே வைத்தார்கள். அதே வேளையில் போய்த் தேடுங்கள் என்று மக்களை அனுப்பவும் செய்தார்கள். அழுதுகொண்டே தேடிய அந்தத் தந்தையைத்தான் இந்த ஏழு ஆண்டுகளில் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

ஜும்ஆவுக்குப் பின் இன்று நான் பள்ளியின் முற்றத்தில் அஸர் வரை அமர்ந்திருப்பேன். பிள்ளையின் மூட்டில் வீக்கம் இருப்பதாக ஐயமுள்ளவர்கள் வாருங்கள். நான் மருத்துவனல்லன், எந்தத் துறைக்குச் செல்ல வேண்டும், என்னென்ன சீட்டுகளை எடுத்துச் செல்ல வேண்டும் என்பதை மட்டும் சொல்வேன். சேலத்துக்கு வழித்துணை வேண்டுமென்றால், வரும் புதன்கிழமை காலை முதல் பேருந்தில் நாங்கள் இறங்குகிறோம். அன்று அவளுக்குக் கண் பரிசோதனை. உங்கள் துஆவில் அவளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வஸ்ஸலாம்.